தாலி கட்டும்போது பாய் எங்கே போனார்?

கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரக்கூடிய ஒரே மனிதர், தர்மபுரி ஜில்லாவிலேயே, எங்கள் அப்புறம் பாய்தான். ஜில்லா என்று நிறுத்திக்கொண்டது அடக்கத்தினால். சேலத்தையும் திருவண்ணாமலையையும் சேர்த்துச் சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

எண்பதுகளில் அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. ஒல்லியாக, உயரமாக, கொஞ்சம் முன்பக்கம் வளைந்து, யாரையோ எட்டிப் பார்ப்பது போலவே நடப்பார். கேமராவைத் தோளில் மாட்ட மாட்டார். கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டுதான் போவார். சொந்தப் பெயர் போர்டில் இருந்தது. வெயில் அதைத் தின்றுவிட்டது. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. படமெடுக்க வந்தவர்களிடம் அவர் கேட்கும் ஒற்றை வார்த்தையே பேராகிவிட்டது.

வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காக நான் அந்த மாடி ஏறினேன். ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"எதுக்குங்க தம்பி படம்?"

"வேலைக்கு அப்ளிகேஷன் போடணும் பாய்."

"அப்புறம்?"

"இன்டர்வியூவுக்குக் கூப்புடுவாங்க."

"அப்புறம்?"

"வேல கெடைக்கும்."

"கெடைக்கலன்னா?"

அதை நான் அதுவரை யோசித்ததில்லை. அப்போதுதான் யோசித்தேன். 'டிக்' என்று சத்தம் கேட்டது.

"முடிஞ்சிதுங்க. வியாழக்கெழம வாங்க."

இன்டர்வியூவில் அதிகாரி அப்ளிகேஷனில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வூட்ல ஏதாச்சும் துக்கமாப்பா?" என்று கேட்டார். வேலை கிடைத்தது. தகுதியில் கிடைத்ததா, இரக்கத்தில் கிடைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

அவருடைய கொள்கை ரொம்ப எளிமையானது. படம் என்றால் அதில் ஒரு கதை இருக்க வேண்டும். கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்பவனிடம் கதை இல்லை. ஆகவே அவனை எடுக்கக் கூடாது. விறைப்பாக நிற்பதற்காகவே ஜனங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவே இல்லை.

ஒருமுறை கறவை மாட்டுக் கடனுக்காக ஒரு விவசாயி மாட்டோடு நின்று படமெடுத்துக்கொண்டார். பேங்கில் கொடுக்க வேண்டிய படம். மாடும் ஆளும் தெரிந்தால் போதும். பாய் எடுத்த படத்தில் தலையைத் திருப்பிக்கொண்ட மாட்டின் கழுத்து தெரிந்தது. வாங்கியவரின் முழங்கை தெரிந்தது. தூரத்தில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் முதுகைக் காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தார்.

பேங்க் அதிகாரி கேட்டாராம்: "கடன் யாருக்குய்யா? போறவருக்கா?"

விவசாயி பதறிப்போய் ஸ்டுடியோவுக்கு ஓடி வந்தார். பாய் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அவரு மாட்ட வித்தவருங்க. மாடு அவரையே பாக்குது பாருங்க. இதவிட என்னங்க வேணும்?" என்றார். விவசாயியும் பார்த்தார். அப்புறம் கலர் ஸ்டுடியோவுக்குப் போய் வேறு படம் எடுத்துக்கொண்டார். ஆனால் பாய் எடுத்த படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் மாட்டி வைத்திருக்கிறார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

கலர் ஸ்டுடியோ என்றால் ஊரில் புதிதாக வந்த இன்னொரு கடை. ஊரே கலருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். பாய் மட்டும் கறுப்பு வெள்ளையைவிட்டு நகரவில்லை. கேட்டால், "கலர்ல பொடவதாங்க தெரியும். மூஞ்சி தெரியாது" என்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் என் அக்கா சுகுணாவின் கல்யாணத்துக்கு நாங்கள் அமர்த்தினோம். விரும்பி அல்ல. வைகாசி முகூர்த்தம். கலர் ஸ்டுடியோக்காரர் அதே நாளில் மொரப்பூரில் ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருந்தார். வேறு ஆளே இல்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்த ஆளா? பொண்ண விட்டுட்டு பந்தியில எலிய எடுப்பாரே!"

அப்பா புளி மண்டி வைத்திருந்தார். யாரையும் பேசி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. பாயை மண்டிக்கே வரவழைத்தார்.

"பாய், எனக்குக் கத கித ஒண்ணும் வேணாம். பொண்ணு, மாப்ள, தாலி. இந்த மூணும் படத்துல இருக்கணும். புரிஞ்சிதா?"

"ஆவட்டுங்க மொதலாளி" என்றார் பாய். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதிலேயே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீடு பென்னாகரம் பக்கம். விவசாயக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா அதிகம் பேசாதவர். அந்த வீட்டில் எல்லாமே பெரியப்பாதான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகனைத் தோளில் சுமந்து வளர்த்தவர். பெரிய மீசை. அதைவிடப் பெரிய ரோஷம். நிச்சயதார்த்தத்தின்போதே அம்மா எங்களை எச்சரித்திருந்தாள்: "அந்தப் பெரியவருக்குக் காப்பி ஆறிப்போனாக்கூட மரியாதக் கொறச்சல்தான். பாத்து நடந்துக்குங்க."

கல்யாணத்தன்று காலையில் அப்பா ஒரு காரியம் செய்தார். போட்டோவில் லட்சணமாக விழ வேண்டும் என்பதற்காக மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டார். சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரியான கண்ணாடி. அது இல்லாவிட்டால் அப்பாவுக்கு உலகமே வெள்ளையும் கறுப்புமாகக் கலங்கிப்போன ஒரு தேங்காய்ச் சட்னி. அம்மா எவ்வளவோ சொன்னாள். அப்பா கேட்கவில்லை.

வேன் வந்தது. மேளம் கொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். அப்பா மாலையோடு வாசலில் நின்று, வெள்ளைச் சட்டையும் மீசையுமாக வந்த பெரியவருக்குப் போட்டு, சந்தனம் பூசி, பட்டுத் துண்டு போர்த்தி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார். நான் அப்போது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்கவில்லை. வரவேற்பு அமர்க்களமாக நடந்தது என்றுதான் சொன்னார்கள்.

முகூர்த்தம் நெருங்கியது. மேடையில் ஐயர், பெண், மாப்பிள்ளை, உறவுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். போட்டோக்காரரைக் காணோம்.

"பாய் எங்கடா?" என்றார் அப்பா.

தேடினேன். மாடியில் இல்லை. பந்தியில் இல்லை. அதற்குள் கெட்டிமேளம் முழங்கிவிட்டது. அக்கா கழுத்தில் தாலி ஏறிவிட்டது. அட்சதை மழையாகப் பொழிந்தது. எல்லாம் முடிந்தபின் சமையல்கட்டுப் பக்கத்திலிருந்து பாய் நிதானமாக நடந்து வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. இரண்டு பந்தி சாப்பிட்டவர் மாதிரி.

"பாய்! தாலி கட்டியாச்சி!"

"கேட்டுச்சிங்க தம்பி" என்றார்.

இது போதாதென்று இன்னொரு செய்தி வந்தது. பெரியப்பா கை நனைக்காமல் போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்தது. "வாசல்லயே மாலை போட்டு, துண்டு போத்தி, கையப் புடிச்சி கூட்டியாந்தேன்! அப்பவும் சாப்புடாம போறாருன்னா எவ்ளோ திமிரு பாரு!"

அந்தத் திமிர் எங்களுக்கு நன்றாகவே வினையாக வந்தது. ஆடிக்கு அக்காவை அழைக்க அம்மாவும் மாமாவும் சீர்த் தட்டோடு போனார்கள். பெரியப்பா கயிற்றுக் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. "என் மூஞ்சியே தெரியாத வூட்டுக்கு எங்க வூட்டுப் பொண்ண அனுப்ப முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா கொண்டுபோன தட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததாக மாமா சொன்னார். மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனால் அவருக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. நடுவில் என் அக்கா, இரண்டு பக்கமும் பதில் சொல்லிக்கொண்டு, புதுப் புடவையின் மடிப்புக்கூடக் கலையாமல் நின்றாள்.

ஆல்பமும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பாய் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "கத முடியலீங்க தம்பி. முடிவில்லாம குடுக்க மனசு வரல."

"கல்யாணம் முடிஞ்சி மாசக்கணக்கா ஆச்சி பாய்!"

"கல்யாணம் முடிஞ்சிதுங்க. கத முடியல."

தலைதீபாவளி நெருங்கியது. அதற்கும் அக்கா வர மாட்டாள் என்று தெரிந்ததும் அப்பா மண்டியில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டில் உப்பில்லாவிட்டாலும் கேட்பதில்லை. ஒரு சாயங்காலம் நான் ஸ்டுடியோவுக்குப் போய்க் கொஞ்சம் சத்தம் போட்டேன். பாய் அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.

"பொண்ண அனுப்பலீங்களா? ஏன்?"

காரணம் தெரியவில்லை, அக்காவிடம்கூட அவர் சொல்லவில்லை என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? நான் எல்லாருக்கும் தெரியும்னில்ல நெனச்சேன்!" என்று சொல்லி, உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அம்மா, அப்பா, நான் மூவரும் சுற்றி உட்கார்ந்து திறந்தோம். அப்பா கண்ணாடி போட்டிருந்தார்.

முதல் படத்தில் வேன் நிற்கிறது. ஜனங்கள் இறங்குகிறார்கள். இரண்டாவதில் பெரியப்பா மாலைக்காகக் கழுத்தை நீட்டிக் குனிந்து நிற்கிறார். மூன்றாவதில் அப்பா அவரைத் தாண்டிக் கையை நீட்டி, பின்னால் நின்ற இன்னொரு மீசைக்காரருக்கு மாலை போடுகிறார். பெரியப்பாவின் கழுத்து இன்னமும் நீட்டியபடியே இருக்கிறது.

"இது யாரு?" என்றார் அப்பா.

"வேன் டிரைவருங்க" என்றார் பாய்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணாடியக் கழட்டாதீங்கன்னு சொன்னேனா இல்லியா! கேட்டீங்களா!"

நாலாவது படத்தில் டிரைவர் பட்டுத் துண்டோடு முன்வரிசையில் ராஜா மாதிரி உட்கார்ந்து பாதாம் பால் குடிக்கிறார். மரியாதை செய்கிறார்கள், வேண்டாமென்று சொல்வது தப்பு என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. அடுத்த படத்திலிருந்து ஆல்பம் முழுக்கப் பெரியப்பாதான். தூண் பக்கம் நிற்கிறார். யாராவது கூப்பிடுவார்களா என்று பார்க்கிறார். யாரோ அட்சதைத் தட்டை நீட்ட, கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார். சமையல்கட்டுக்குப் பின்னால் போய் விறகுக் கட்டின்மேல் தனியாக உட்காருகிறார்.

அப்புறம் அந்தப் படம்.

மண்டபத்தின் பின்சுவர். அண்டாவிலிருந்து ஆவி. விறகிலிருந்து பாதி எழுந்த நிலையில் பெரியப்பா. உள்ளே கெட்டிமேளம் கேட்டிருக்கிறது. யாரும் பார்க்காத அந்த இடத்திலிருந்து, சுவரைப் பார்த்து, கையிலிருந்த அட்சதையை அவர் வீசுகிறார். அரிசி காற்றில் புள்ளி புள்ளியாக நிற்கிறது. அவர் கண் கலங்கியிருக்கிறது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"தாலி கட்டுனத ஊரே பாத்துச்சிங்க மொதலாளி" என்றார் பாய் மெதுவாக. "இத நான் ஒருத்தன்தான் பாத்தேன். விட்டுட்டு வர முடியல."

அப்பா எழுந்தார். மறுநாள் காலையே அப்பா, பாய், நான் மூவரும் பென்னாகரம் போவதென்று முடிவாயிற்று. மன்னிப்புக் கேட்பதில் அவருக்குத் தயக்கமில்லை. ஆல்பத்தைக் கொண்டுபோவதில்தான் இருந்தது. தர்மபுரியில் பஸ் மாறும்போது பாயின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"பாய், அந்தாளு கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கறத அவருகிட்டயே காட்டறதா? அருவாள எடுத்துருவாருங்க!"

"படம் எடுத்தவன் நானுங்க. மொத வெட்டு எனக்குத்தான். நீங்க பயப்படாதீங்க" என்றார் பாய். அதற்குப் பிறகு பென்னாகரம் வரும்வரை அப்பா வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை ஓடி வந்து ஜமுக்காளம் விரித்தார். அக்கா சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்ததும் சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா பேச ஆரம்பித்தார். "சம்மந்தி, அன்னிக்கி எனக்குக் கண்ணு…" அதற்குமேல் வரவில்லை.

பாய் நேராகப் போய் ஆல்பத்தைப் பெரியப்பாவின் மடியில் வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

பெரியவர் திறந்தார். முதல் பக்கம். இரண்டாவது. மாலை விழுந்த படத்தில் அவருடைய மீசை துடித்தது. நான் வாசல் எந்தப் பக்கம் என்று ஒருதரம் பார்த்து வைத்துக்கொண்டேன். அவர் அடுத்தடுத்துப் புரட்டினார். விறகுக் கட்டுப் படம் வந்தது. அங்கேயே கை நின்றுவிட்டது.

"ஏ, இங்க வா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"பாரு! நல்லா பாரு! போட்டேன்னு சொன்னேனா இல்லியா? ஒருத்தராச்சும் நம்புனீங்களா?"

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. வளர்த்த பிள்ளையின் கல்யாணத்துக்குப் போயும் கோபத்தில் அட்சதைகூடப் போடாமல் வந்துவிட்டார் என்று அவர் வீட்டிலேயே எல்லாரும் அவரைப் பேசியிருக்கிறார்கள். போட்டேன் என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மாப்பிள்ளையும் நம்பவில்லை. அதனால்தான் பேச்சு நின்றது. பெரியவர் எங்கள்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அவர் வீட்டுக் கோபம்.

மாப்பிள்ளை வந்து தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து பெரியப்பாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார்.

"எந்திரிடா. ஆம்பள அழலாமா" என்றார் பெரியப்பா, தன் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டே.

ஆல்பத்தில் கடைசியாக ஒரு படம் மிச்சமிருந்தது. டிரைவர் மாலையைக் கழற்றாமல், பட்டுத் துண்டோடு, வேனின் ஸ்டியரிங்மேல் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். பெரியப்பா அதைப் பார்த்தார். அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. பிறகு வாசலில் கட்டியிருந்த மாடு எழுந்து நின்றுவிட்டது.

"அந்தப் பய ஊருக்குள்ள மாலையோடதாங்க வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தான்! எறங்கி, நாந்தான் சம்மந்தின்னு சொல்லிக்கிட்டுத் திரியறான் இன்னிக்கும்!"

அப்பாவும் சிரித்தார். பயம் போன சிரிப்பு. நிறுத்த முடியாமல் இருமி, தண்ணீர் கொடுக்கும்படி ஆயிற்று.

"மொதல்ல கை நனைங்க. அப்பறம் பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போங்க. தீபாவளிக்கி நானும் வரேன்" என்றார் பெரியப்பா. பிறகு பாயைப் பார்த்தார். "ஏங்க பாய், அவ்ளோ கூட்டத்துல என்ன எதுக்குங்க தொரத்தித் தொரத்தி எடுத்தீங்க?"

"உங்களத் தவிர அங்க வேற யாருக்கும் ஒண்ணும் நடக்கலீங்க" என்றார் பாய்.

சாப்பாடு முடிந்ததும் அப்பாவும் பெரியப்பாவும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு, வாசலில் விறைப்பாக நின்று, படமெடுக்கச் சொன்னார்கள். பாய் கேமராவைத் தூக்கினார். 'டிக்' சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அடுத்த வாரம் படம் வந்தது. அதில் சம்பந்திகள் இல்லை. சமையலறை நிலைப்படிக்குப் பின்னால், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, என் அக்கா காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். பல மாதங்களுக்குப் பிறகு மூச்சுவிட்டவள் மாதிரி இருக்கிறாள்.

அப்பா அந்தப் படத்தை மண்டிக்கு எடுத்துக்கொண்டு போனார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். தாலி கட்டும் படம் எங்கே என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மேடையைச் சுற்றி விளக்குகளும் கேமராக்களும்தான். எனக்கு அங்கே வேலையில்லை. மண்டபத்தின் ஓரத்தில், தூண் மறைவில், யாராவது தனியாக உட்கார்ந்திருக்கிறாரா என்றுதான் கண் தேடுகிறது. இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாப்ட்டீங்களா?" என்று கேட்கிறேன். கேட்கும்போது பாய் எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அவர் படமெடுக்க மாட்டார்.